வேரைக் காக்கும் நண்பர்கள்

பச்சையாகவே வாடும் செடி

பள்ளித் தோட்டத்தில் தக்காளி நட்டவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருக்கக்கூடும். செடி நன்கு வளர்ந்து, பூவிட்டு, காய் பிடிக்கத் தொடங்கும். ஒரு நாள் நண்பகலில் அதன் நுனி இலைகள் துவண்டு தொங்கும். தண்ணீர் போதவில்லை என்று எண்ணி நீர் ஊற்றுவோம். இரவில் செடி ஓரளவு நிமிர்ந்துகொள்ளும். மறுநாள் வெயில் ஏறியதும் மீண்டும் துவளும். சில நாள்களில், இலைகள் பழுக்காமல் பச்சையாக இருக்கும்போதே, செடி முழுவதும் வாடி மடிந்துவிடும். அடுத்த வாரம் அதன் பக்கத்தில் நிற்கும் செடியும் அவ்வாறே வாடும்.

இதற்குக் காரணம் நீர்ப் பற்றாக்குறையன்று. இது பாக்டீரியா வாடல் நோய். இதனை உறுதிப்படுத்த எளிய சோதனை ஒன்று உண்டு. வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு சிறு துண்டை வெட்டி, தெளிந்த நீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில் அதன் வெட்டுமுனை மூழ்குமாறு பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் அந்த முனையிலிருந்து பால்போன்ற வெண்ணிற இழைகள் நீரில் இறங்கினால், அது வாடல் நோயே. அந்த இழைகளில் இருப்பவை இலட்சக்கணக்கான பாக்டீரியாக்கள்.

ரால்ஸ்டோனியா எனப்படும் இந்தப் பாக்டீரியா மண்ணில் வாழ்கிறது. வேரில் ஏற்படும் சிறு காயத்தின் வழியாக உள்ளே நுழைந்து, நீரை மேலே கொண்டு செல்லும் நுண்குழாய்களில் பெருகுகிறது. அது சுரக்கும் பசைபோன்ற பொருள் அக்குழாய்களை அடைத்துக்கொள்கிறது. காலடியில் நீர் இருந்தும் செடி தாகத்தால் மடிகிறது. தக்காளி மட்டுமன்றி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி என 200க்கும் மேற்பட்ட தாவர வகைகளை இந்நோய் தாக்கவல்லது. நம் நாட்டில் தக்காளி பெரும்பாலும் குளிர்ச்சியான கேமரன் மலையிலேயே பயிரிடப்படுவதற்கு, வெப்பமான தாழ்நிலத்தில் இந்நோய் கடுமையாக இருப்பதும் ஒரு காரணமாகும்.

செடி வாடுவதைக் கண்டதும், “எந்த மருந்தை அடிக்கலாம்?” என்பதே நம் முதல் கேள்வியாக இருக்கும். ஆனால், குழாய்களுக்குள் புகுந்துவிட்ட இந்தப் பாக்டீரியாவை அழித்துச் செடியைப் பிழைக்க வைக்கும் மருந்து இல்லை. எனவே, நாம் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டியுள்ளது. நோய்க்கிருமி வேரை அடைவதற்கு முன்பே அதனைத் தடுக்க யாரால் முடியும்?

மண்ணுக்குள் வாழும் உலகம்

வளமான மண்ணில் ஒரு தேக்கரண்டி எடுத்தால், அதில் நூறு கோடி வரை பாக்டீரியாக்கள் இருக்கலாம். அவற்றோடு பூஞ்சைகளும் கண்ணுக்குத் தெரியாத பிற உயிர்களும் வாழ்கின்றன. ‘கிருமி’ என்ற சொல்லைக் கேட்டதும் நோயையே நாம் நினைக்கிறோம். ஆயினும், தோசை மாவைப் புளிக்க வைப்பவையும், பாலைத் தயிராக்குபவையும், சோயா அவரையைத் தெம்பேயாக மாற்றுபவையும் நுண்ணுயிர்களே. மண்ணிலும் அப்படித்தான். அங்கு நோய் தருபவை சில, தீங்கற்றவை பல, செடிக்கு நன்மை செய்பவையும் உண்டு.

வேரிலிருந்து சர்க்கரையும் பிற சத்துகளும் சிறிதளவு மண்ணில் கசிகின்றன. அதனால் வேரைச் சுற்றியுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் திரளாகக் கூடுகின்றன. பேருந்தில் இருக்கைகள் எல்லாம் நிரம்பிவிட்டால் பின்னால் ஏறுபவருக்கு இடம் கிடைப்பதில்லை. அதுபோல, நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வேரின் மேற்பரப்பில் முன்கூட்டியே குடியேறிவிட்டால், நோய்க்கிருமிக்கு இடமும் உணவும் எளிதில் கிடைப்பதில்லை. இடத்தைப் பிடித்துக்கொள்வது இந்நண்பர்களின் முதல் வேலை. அதற்கு மேலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திறமை உண்டு.

பூஞ்சையை உண்ணும் பூஞ்சை

நாற்றங்காலில் முளைத்து வரும் இளநாற்றுகள் சில வேளைகளில் அடித்தண்டு நைந்து, மண்மட்டத்தில் சாய்ந்துவிடும். இது நாற்றழுகல் நோய். இதனை உண்டாக்கும் பூஞ்சைகளுள் ஒன்று ரைசோக்டோனியா.

1932ஆம் ஆண்டில் ரிச்சர்டு வெயின்டிலிங் என்னும் அறிவியலாளர் டிரைக்கோடெர்மா என்ற மற்றொரு பூஞ்சை, ரைசோக்டோனியாவைத் தாக்கி உண்பதை விளக்கி எழுதினார். டிரைக்கோடெர்மா மண்ணில் இயல்பாகவே வாழும் பூஞ்சையாகும். நன்கு வளர்ந்ததும் பச்சை நிறத் தூள்போல் காட்சியளிக்கும். அதன் மெல்லிய இழைகள் எதிரிப் பூஞ்சையின் இழையைத் தேடிச் சென்று, கொடி கொம்பைச் சுற்றுவதுபோல் அதனைச் சுற்றிக்கொள்கின்றன. பிறகு நொதிகளைச் சுரந்து அதன் சுவரைக் கரைக்கின்றன. அச்சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருளே இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலும் உள்ளது. சுவர் கரைந்ததும் உள்ளிருக்கும் சத்தை டிரைக்கோடெர்மா உணவாக்கிக்கொள்கிறது.

இன்று டிரைக்கோடெர்மா தூளாகவும் நீர்மமாகவும் பல நாடுகளில் விற்கப்படுகிறது. விவசாயிகள் அதனை விதையில் பூசுகிறார்கள். மட்கிய உரத்தோடு கலந்து நாற்றங்காலிலும் இடுகிறார்கள்.

உறங்கவும் விழிக்கவும் வல்ல பாக்டீரியா

பேசில்லஸ் சப்டிலிஸ் என்பது வைக்கோலிலும் மண்ணிலும் பரவலாகக் காணப்படும் பாக்டீரியா. 1872ஆம் ஆண்டில் பெர்டினாண்டு கோன் என்ற செருமானிய அறிவியலாளர் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். வைக்கோலை ஊறவைத்த நீரைக் கொதிக்க வைத்த பின்னரும் இப்பாக்டீரியா மீண்டும் வளர்வதன் காரணத்தை அவர் ஆராய்ந்தார். சூழல் கடுமையாகும்போது அது தடித்த உறையுடைய வித்தாக மாறி, உறங்குவதுபோல் கிடக்கிறது. ஈரமும் உணவும் கிடைத்ததும் விழித்து வளர்கிறது.

இப்பண்பு விவசாயத்திற்குப் பெரிதும் உதவுகிறது. வித்து நிலையில் இருக்கும் பாக்டீரியாவை உலர்ந்த தூளாக்கிப் பல மாதங்கள் வைத்திருக்க முடியும். மண்ணில் இட்டதும் அது விழித்து, வேரில் மெல்லிய படலமாகப் படர்கிறது. பூஞ்சைகளின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களையும் சுரக்கிறது. ஜப்பானியர் விரும்பி உண்ணும் நாட்டோ என்ற சோயா உணவைத் தயாரிக்கவும் இதே பாக்டீரியா பயன்படுகிறது.

இரும்பைக் கவர்ந்துகொள்ளும் பாக்டீரியா

நம் உடலுக்கு இரும்புச் சத்துத் தேவைப்படுவதுபோல் நுண்ணுயிர்களுக்கும் அது தேவை. மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும், அதில் பெரும்பகுதி எளிதில் எடுக்க முடியாத வடிவில் உள்ளது. சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்னும் பாக்டீரியா, இரும்பைப் பற்றிக்கொள்ளும் மஞ்சள் கலந்த பச்சை நிறப் பொருளைச் சுரக்கிறது. அப்பொருள் புற ஊதா ஒளியில் மின்னும். அது மண்ணில் கிடைக்கும் இரும்பைக் கவர்ந்து பாக்டீரியாவிடம் சேர்க்கிறது. இரும்பு கிடைக்காத நோய்க்கிருமிகள் பெருக முடியாமல் தளர்கின்றன.

கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இப்பாக்டீரியாவை மென்மையான முகப்பவுடர்க் கல்தூளில் கலந்து விவசாயிகளுக்கு ஏற்ற தூளாக உருவாக்கியுள்ளது. அங்கு ஒரு கிலோகிராம் விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் அல்லது 4 கிராம் டிரைக்கோடெர்மா தூள் என்னும் அளவில் விதையில் பூசப் பரிந்துரைக்கிறார்கள். விதைப்பதற்கு முன் இவ்வாறு விதையைப் பக்குவப்படுத்துவதற்கு ‘விதை நேர்த்தி’ என்று பெயர். முளை வெளிவரும் முதல் நாளிலேயே அதற்குத் துணை கிடைத்துவிடுகிறது.

செடியையே விழிப்படையச் செய்தல்

1991ஆம் ஆண்டில் வெள்ளரிச் செடியில் நடந்த ஓர் ஆய்வு முடிவு வெளியானது. நன்மை செய்யும் பாக்டீரியாக்களை விதையில் பூசி வளர்த்த செடிகளின் இலைகளில் பூஞ்சை நோய் குறைவாகவே தோன்றியது. பாக்டீரியாக்கள் இருந்ததோ வேரில். நோய் வந்ததோ இலையில். இரண்டும் ஒன்றையொன்று நெருங்கவே இல்லை. பின் நோய் எவ்வாறு குறைந்தது?

வேரில் குடியேறிய பாக்டீரியாவை உணர்ந்த செடி, தன் உடல் முழுவதும் எச்சரிக்கைக் குறிப்பை அனுப்புகிறது. அதனால் பின்னர் நோய்க்கிருமி தாக்கும்போது, இலை விரைந்து எதிர்ப்புப் பொருள்களைச் சுரக்கிறது. நமக்குப் போடும் தடுப்பூசியை இது ஓரளவு நினைவூட்டும். எனினும், செடிக்கு நம்மைப்போல் இரத்தமும் வெள்ளை அணுக்களும் இல்லை. அதன் தற்காப்பு முறை முற்றிலும் வேறு.

இதே விழிப்பை ஓர் இயற்கைப் பொருளாலும் உண்டாக்கலாம். இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினிலிருந்து கைட்டோசன் என்னும் பொருளைத் தயாரிக்கிறார்கள். பூஞ்சையின் சுவரிலும் கைட்டின் இருப்பதை முன்னர்ப் பார்த்தோம். எனவே, கைட்டோசன் தெளிக்கப்பட்ட செடி, பூஞ்சை தாக்க வருவதாகக் கருதித் தன்னைக் காத்துக்கொள்ளத் தயாராகிறது.

சமையலறையிலிருந்து தோட்டத்திற்கு

நாம் நன்கறிந்த வேறு சில பொருள்களும் பயிரைக் காக்க உதவுகின்றன.

*பால்:* பூசணி வகைச் செடிகளின் இலைகளில் மாவு தூவியதுபோல் படியும் சாம்பல் நோயைப் பலரும் பார்த்திருப்போம். பிரேசில் நாட்டு ஆய்வாளர் வாக்னர் பெத்தியோல் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், பசும்பாலை நீரில் கலந்து வாரந்தோறும் தெளித்தபோது, பூசணி இனத்தைச் சேர்ந்த சுக்கினிச் செடியில் இந்நோய் கட்டுப்பட்டதைக் காட்டினார். கலவையில் பத்தில் ஒரு பங்கு பால் இருந்தபோதே நல்ல பலன் கிடைத்தது.

*பூண்டு:* முழுப் பூண்டில் காரமான மணம் அதிகம் இராது. நசுக்கிய பிறகே அல்லிசின் என்ற பொருள் உருவாகி மணம் எழுகிறது. 1944ஆம் ஆண்டில் பிரித்தறியப்பட்ட இப்பொருள், பாக்டீரியா, பூஞ்சை ஆகிய இரண்டின் வளர்ச்சியையும் தடுக்கும். ஆனால், அது விரைவில் சிதைந்துவிடும். எனவே, பூண்டுச் சாற்றை அவ்வப்போது தயாரித்துப் பயன்படுத்த வேண்டும்.

*வேம்பு:* தக்காளி, மிளகாய் ஆகியவற்றில் இலை சுருளும் நச்சுயிரி நோய்களை வெள்ளை ஈ, அசுவினி போன்ற பூச்சிகள் பரப்புகின்றன. நச்சுயிரி தொற்றிய செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. பரப்பும் பூச்சியைக் கட்டுப்படுத்துவதே வழி. வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் பூச்சிகளின் உண்ணுதலையும் வளர்ச்சியையும் தடுக்கிறது. வெயிலில் இது சிதைந்துவிடுவதால் மாலையில் தெளிப்பதே நல்லது.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இயற்கையில் கிடைக்கும் பொருள்கள் எல்லாம் தீங்கற்றவை அல்ல. புகையிலைச் சாறும் இயற்கையானதே. அதிலுள்ள நிக்கோட்டின் பூச்சியை மட்டுமன்றி, தெளிப்பவரையும் கடுமையாகப் பாதிக்கும் நஞ்சாகும். எந்தப் பொருளாயினும், அதன் தன்மையையும் அளவையும் அறிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். மலேசியாவில் பயிர்ப் பாதுகாப்பு மருந்துகளின் விற்பனை, 1974ஆம் ஆண்டு இயற்றப்பட்ட பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் ஒழுங்குபடுத்தப்படுகிறது. வாங்கும் பொட்டலத்தில் பதிவெண், பயன்படுத்தும் அளவு, காலாவதி நாள் ஆகியவற்றைப் பார்ப்பது நம் கடமை.

இவற்றால் இயலாதவை

நன்மை செய்யும் நுண்ணுயிர்களைப் பயன்படுத்தியும் பயன் கிடைக்கவில்லை என்று வருந்தும் விவசாயிகளும் உள்ளனர். அவர்கள் பொய் சொல்லவில்லை. உயிருள்ள ஒன்றை, உயிரற்ற மருந்தைப்போல் கையாண்டால் அது பலன் தருவதில்லை. பெரும்பாலும் பின்வரும் காரணங்களே தோல்விக்கு வழிவகுக்கின்றன.

முதலாவது, காலம் தாழ்த்துதல். நுண்ணுயிர்கள் காவலர்கள், நோய் முற்றியபின் சிகிச்சை தரும் மருத்துவர்கள் அல்லர். வாடிய செடியின் வேரில் அவற்றை ஊற்றினால் பயன் இராது.

இரண்டாவது, கவனக்குறைவான சேமிப்பு. வெயில் சுடும் கொட்டகையில் பல மாதங்கள் கிடந்த பொட்டலத்தில் உயிருள்ள நுண்ணுயிர்கள் மிகக் குறைவாகவே எஞ்சியிருக்கும்.

மூன்றாவது, பொருந்தாத கலவை. காலையில் டிரைக்கோடெர்மா இட்டுவிட்டு மாலையில் பூஞ்சைக்கொல்லியை ஊற்றினால், அந்த மருந்து நண்பனையும் பகைவனையும் ஒன்றாகவே அழிக்கும்.

நான்காவது, வறண்ட மண். ஈரமும் மட்கிய உரமும் இல்லாத மண்ணில் இந்த நண்பர்களுக்கு உணவு இல்லை. அவர்கள் நிலைத்து வாழ முடியாது.

இரசாயன மருந்து விரைவாக வேலை செய்யும் என்பது உண்மையே. ஒரு பருவத்தின் உழைப்பையும் கடனையும் மண்ணில் போட்டுவிட்டுக் காத்திருக்கும் விவசாயி அதனை நாடுவதில் வியப்பில்லை. ஆனால், ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது, அதற்கு அடங்காத சில கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகுகின்றன. அடுத்த பருவத்தில் அதே மருந்து பலிப்பதில்லை. அளவைக் கூட்ட வேண்டியதாகிறது. மருந்தடித்தபின் காத்திருக்க வேண்டிய நாள்கள் முடிவதற்குள் காய்கறியைப் பறித்தால், எஞ்சிய நஞ்சு உண்பவரின் தட்டுக்கே வந்துவிடும். ஆகவே, மருந்தை இறுதி வழியாக வைத்துக்கொண்டு, மற்ற வழிகளை முதலில் கையாளும் ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு முறையை வல்லுநர்கள் வலியுறுத்துகிறார்கள்.

நாம் என்ன செய்யலாம்?

மீண்டும் பள்ளித் தோட்டத்திற்கு வருவோம். வாடிய தக்காளிச் செடியைக் காப்பாற்ற இயலாது. அதனை வேரோடும் வேரடி மண்ணோடும் பிடுங்கி, பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். உரக்குழியில் போடக்கூடாது. பயன்படுத்திய கத்தியையும் மண்வெட்டியையும் கழுவித் தூய்மைப்படுத்த வேண்டும். அதே பாத்தியில் உடனே கத்தரியோ மிளகாயோ நடக்கூடாது. அவையும் தக்காளியின் குடும்பமே. அங்குச் சோளம் போன்ற வேறு குடும்பப் பயிரை நடலாம்.

அடுத்த முறை நடும்போது, முன்கூட்டியே பணியைத் தொடங்க வேண்டும். பாத்தியை உயர்த்தி, நீர் தேங்காமல் வடியச் செய்ய வேண்டும். மட்கிய உரத்தில் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, நீர் தெளித்து, நிழலில் ஒரு வாரம் மூடி வைத்துப் பெருக்கிய பின் மண்ணில் இட வேண்டும். விதைக்கும் நாற்றின் வேருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாவைப் பூசலாம். தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் பரப்பிய முறைப்படி, வாடல் நோயைத் தாங்கும் கத்தரிச் செடியின் அடித்தண்டில் தக்காளியை ஒட்டுக்கட்டியும் நடலாம். இவற்றுள் எந்த ஒன்றும் தனியாக முழுப் பாதுகாப்புத் தராது. எல்லாம் சேர்ந்தால் இழப்பு வெகுவாகக் குறையும்.

மண்ணிலுள்ள நோய்க்கிருமியை முற்றாக ஒழிப்பது கடினம். அதனோடு போட்டியிடும் நண்பர்களைப் பெருக்குவது நம்மால் முடிந்த செயல். அதற்குப் பணத்தைவிடப் பொறுமையும் முன்யோசனையும் அதிகம் தேவை. நோய் தெரியாத நாளில் செய்யும் வேலைதான் பயிரைக் காக்கிறது. வருமுன் காத்தல் மனிதருக்கு மட்டுமன்றி மண்ணுக்கும் பொருந்தும்.

சொற்பொருள்

நாற்றங்கால் – விதைகளை முளைக்க வைத்து நாற்று வளர்க்கும் இடம்
நொதி – உயிரினங்கள் சுரக்கும், வேதிமாற்றத்தை விரைவுபடுத்தும் பொருள்
வித்து நிலை – கடுமையான சூழலைத் தாங்க நுண்ணுயிர் மேற்கொள்ளும் உறங்குநிலை
நச்சுயிரி – வைரஸ்
ஒட்டுக்கட்டுதல் – ஒரு செடியின் தண்டை மற்றொரு செடியின் அடித்தண்டோடு இணைத்து வளர்த்தல்
பாத்தி – பயிரிடுவதற்காகப் பிரித்து அமைத்த நிலப்பகுதி

கருத்துணர் கேள்விகள்

1. தக்காளிச் செடி நீரின்றி வாடுவதற்கும் பாக்டீரியா வாடல் நோயால் வாடுவதற்கும் உள்ள வேறுபாட்டை எவ்வாறு கண்டறியலாம்?
2. டிரைக்கோடெர்மா எதிரிப் பூஞ்சையை அழிக்கும் முறையைப் படிநிலைகளாக எழுதுக.
3. வேரிலுள்ள பாக்டீரியாவால் இலையில் வரும் நோய் குறைவது எப்படி?
4. “நுண்ணுயிர்கள் காவலர்கள், மருத்துவர்கள் அல்லர்.” இக்கூற்றை இரண்டு சான்றுகளுடன் விளக்குக.
5. இயற்கைப் பொருள்கள் அனைத்தும் பாதுகாப்பானவை என்று உன் நண்பன் கூறுகிறான். நீ அவனுக்கு என்ன பதில் கூறுவாய்?
6. ஒரு விவசாயி இரசாயன மருந்தையே நாடுவதற்கான காரணங்களையும் அதனால் விளையும் சிக்கல்களையும் ஒப்பிட்டு உன் கருத்தை எழுதுக.

செயற்பாடு

1. பள்ளித் தோட்டத்தில் விதைக்க 50 கிராம் மிளகாய் விதை உள்ளது. பாடத்தில் கூறப்பட்ட அளவின்படி விதை நேர்த்திக்கு எத்தனை கிராம் சூடோமோனாஸ் தூள் தேவைப்படும்? கணக்கிடுக.
2. இரண்டு தட்டுகளில் ஒரே வகை மண்ணை நிரப்பி, ஒன்றில் டிரைக்கோடெர்மா கலந்த மட்கிய உரத்தையும் மற்றொன்றில் வெறும் மட்கிய உரத்தையும் சேர்த்துச் சம எண்ணிக்கையில் விதைகளை இடுக. மூன்று வாரங்களுக்கு நாற்றுகளின் எண்ணிக்கையைப் பதிவு செய்து, குழுவாக அறிக்கை தயாரித்திடுக.